ஒன்பதாம் நம்பர் ஜேர்சி

மல்வேர்ன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்தவரில் நோவெண்ணெய் மணந்தது. நான் எழும்பி வேறு சீற்றுக்குப் போனேன். அது அப்பாவின் மணம்.

அப்பா ஊரில் பேர்போன உதைபந்தாட்டக்காரர். முழங்கால் போனதும் விளையாட்டை விட்டார். எண்பதுகளில் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, பகலில் பக்டரி, பின்னேரத்தில் எங்கள் ஊர் டீமுக்குக் கோச்.

அந்த வருசம் பைனலில் அண்ணாவுக்குத்தான் ஒன்பதாம் நம்பர். ஒரு கோலும் அடித்துவிட்டான். முடிய பத்து நிமிசம் இருக்க அப்பா அவனை வெளியே கூப்பிட்டார்.

"ஜேர்சியைக் கழட்டு."

"ஏனப்பா? நல்லாத்தானே விளையாடுறன்?"

"கழட்டடா. நான் இறங்கப்போறன்."

டீமிடம் பதினொரு ஜேர்சிதான் இருந்தது. ஐப்பசிக் குளிரில் அண்ணா வெறும் மேலோடு நின்றான். என் ஜக்கெற்றைக் கொடுத்தேன். அது அவனுக்குக் காணாது, சின்னன். அப்பா முழங்காலில் நோவெண்ணெய் பூசிக்கொண்டு, அவனுடைய வேர்வை காயாத ஜேர்சியோடு இறங்கினார். கோலும் அடித்தார். எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"அண்ணை, உங்கடை கால் இன்னும் கால்தான்!"

வீட்டுக்கு வரும்போது அண்ணா என்னிடம், "அவர் கோல் அடிக்காமல் விட்டிருந்தா மறந்திருப்பன்" என்றான். பிறகு அவன் பந்தைத் தொடவில்லை.

அப்பா செத்து ஒரு வருசம். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தார் அவர் பேரில் கப் ஒன்று வைக்கிறார்களாம். பஸ்ஸால் இறங்க, கழகத்துப் பெடியன் போன் எடுத்தான்.

"அக்கா, நீங்கள்தான் வந்து கப்பைக் குடுக்கோணும்."

"நான் வரேல்லை."

"ஏனக்கா?"

"அண்டைக்கு அப்பாவைத் தூக்கின ஆக்களிலை உன்ரை கொப்பரும் ஒராள். அந்த ஜேர்சி ஆருடையது எண்டு அவரைக் கேள்."