என் பெயருக்குக் கீழே

இங்கே தேர்தல் வந்தால் பிரசார வண்டி எங்கள் வீட்டுப் படலைக் கதவடியிலேயே வந்து நிற்கிறது. நிற்பதோடு விடவில்லை, ஒலிபெருக்கியை எங்கள் வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "அன்பான தலைமன்னார் வாழ் மக்களே" என்று கத்துகிறது. ஊர் திரும்பி மூன்று வருடமாகிறது. இது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. இந்தியாவில், அகதி முகாமில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா? அங்கே தேர்தல் வண்டி பாட்டும் கூத்துமாக மெயின் ரோட்டில் வரும். நம் முகாம் வளைவு கண்ணில் பட்டதும் சத்தம் நின்றுவிடும். அந்தோணியார் கெபியைத் தாண்டி அடுத்த தெரு தொடங்கியதும் மறுபடி பாட ஆரம்பிக்கும். வோட்டில்லாத வீடுகளுக்காகத் தொண்டையை எதற்கு வீணாக்க வேண்டும்? அந்த இரண்டு நிமிட அமைதியை வைத்துத்தான் தேர்தல் வந்துவிட்டதென்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

நான் நான்கு வயதில் இங்கிருந்து படகேறியவள். முகாமில் வளர்ந்து, முகாமிலேயே சேவியரைக் கட்டி, நாற்பதைத் தாண்டி அவரோடு திரும்பி வந்தேன். என் அண்ணன் சூசைதாசன் வரவில்லை. அவனைப் பெயின்ட் அடிக்கும் சூசை என்று உங்களுக்கெல்லாம் தெரியும். தேர்தல் வந்தால் அவனுக்கு நல்ல வேலை. எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவான், சுவர் சுவராகச் சின்னம் வரைவான். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு சின்னம், எதிர்ப்பக்கம் அதற்கு எதிரான சின்னம், இரண்டும் அவன் கைதான். வாக்குப்பதிவு அன்று மட்டும் வீட்டில் படுத்துத் தூங்குவான். ஊரே மை வைத்த விரலைக் காட்டிக்கொண்டு திரியும்போது முழங்கை வரைக்கும் பெயின்ட் ஒட்டிய என் அண்ணனின் விரலில் மை மட்டும் இருக்காது. அப்போதெல்லாம் இதைச் சொல்லி அவனைக் கேலி செய்திருக்கிறேன்.

இங்கே சேவியர் நண்டு வலைக்குப் போகிறார். விடிந்து வலை கரைக்கு வந்ததும் நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து நண்டு கழற்றுவோம். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து அந்த இடம் பாராளுமன்றமாகிவிட்டது. பக்கத்துப் படகுக்காரர் மரியதாஸ் அண்ணைதான் எதிர்க்கட்சித் தலைவர். எந்த அரசாங்கம் வந்தாலும் அவர் எதிர்க்கட்சி. சிலாவத்துறையிலிருந்து கூலர் வண்டியில் வந்து நண்டு வாங்கும் நிசார் நானா, அரசாங்கம் எதுவானாலும் அதன் கணக்கை எடுத்து விளக்குவார்.

"ரூபா ஏறிட்டுதாம், ரூபா ஏறிட்டுதாம் எண்டு ரீவியில கை தட்டுறாங்கள். என்ர நண்டு விலை இறங்கினதை ஆர் சொன்னவங்கள்?" என்று மரியதாஸ் அண்ணை தொடங்குவார்.

"டொலருக்குப் போற சாமான் அண்ணன். டொலர் இறங்கினா நண்டும் இறங்கத்தான் செய்யும். அரிசி, பருப்பு கொஞ்சம் மலிஞ்சிருக்கல்லோ?"

"மலிஞ்ச பருப்பை வாங்க நண்டு விக்க வேணுமெல்லோ நிசார்!"

நிசார் நானா சிரித்துக்கொண்டே அடுத்த கூடையைத் தராசில் வைப்பார். பேச்சு மண்ணெண்ணெய்க்குப் போகும், அங்கிருந்து வலைக்குப் போட்ட வரிக்கு, பிறகு கரையில் சுற்றும் காற்றாலைகளுக்கு. அவற்றால் ஊருக்கு வந்தது வெளிச்சமா, மீனுக்கு வந்த கேடா என்று ஒரு மணி நேரம் போகும். கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டும். "றோலர் வந்து வலையை அள்ளிக்கொண்டு போனா, மண்ணெண்ணெய் மலிஞ்சென்ன கூடியென்ன?" என்று யாராவது சொல்வார்கள். அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகளைத்தான் சொல்கிறார்கள். உடனே எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பும். ஏதோ நான்தான் அந்தப் படகுகளுக்குத் தண்ணீர் வார்த்து அனுப்பிவைத்தவள் போல. போன மாதம் சேவியரின் புது வலையில் பாதியை அந்தப் படகுகள்தான் கொண்டுபோயின. அதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். ஆனாலும் கடைக்குப் போனால் என் பெயர் ஜெசிந்தா இல்லை, "இந்தியாக்காரி"தான். அங்கே நாற்பது வருடம் "சிலோன்காரி"யாக இருந்தேன். எனக்கு அலுத்துவிட்டது.

ஒருநாள் மரியதாஸ் அண்ணை திடீரென்று, "பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்? மண்ணெண்ணெய்க்கு மானியம் தரவேணுமோ, வலைக்குத் தரவேணுமோ?" என்று கேட்டார். நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன், கையில் நண்டோடு. முகாமில் ஒரு ஆண் குரல் கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டும், அட்டை நம்பரைச் சொல்ல வேண்டும். நம்பர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தபடி உட்கார்ந்தேன். மண்ணெண்ணெயா வலையா என்று ஒருவர் என்னிடம் கேட்டதே வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கும் ஒரு பழக்கம் வேண்டும் போலிருக்கிறது.

அதற்குப் பிந்திய வாரம் தபால்காரர் வாக்காளர் அட்டைகளோடு வந்தார். வீட்டில் ஆளில்லை என்று நேரே கரைக்கே வந்துவிட்டார். "சேவியர், ஜெசிந்தா..." என்று உரக்க வாசித்தவர் மூன்றாவது அட்டையைப் பார்த்து, "சூசைதாசன் ஆர்?" என்றார்.

மரியதாஸ் அண்ணை தலையை நிமிர்த்தினார். சின்ன வயதில் அண்ணனோடு சேர்ந்து பந்தடித்தவர் அவர். "சூசை வந்திட்டானோ?"

"இல்ல அண்ணை. வரேல்ல."

"அப்ப எப்பிடி?"

எப்படி என்று உங்களுக்குச் சொன்னால் புரியும், அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. முகாமில் கணக்கெடுக்க வரும் நாளில் ஆள் இல்லையென்றால் பேரை வெட்டிவிடுவார்கள். அண்ணன் ஒருமுறை வெளியூருக்குப் பெயின்ட் வேலைக்குப் போய் இரண்டு நாள் பிந்தி வந்தான். வெட்டிய பேரைத் திரும்பச் சேர்க்க எத்தனை நாள் அலைந்தான், எத்தனை பேர் காலில் விழுந்தான் என்று நீங்கள் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: பேனாவோடு யார் வந்து எத்தனை பேர் என்று கேட்டாலும் எல்லோரும் இருக்கிறோம். இல்லாதவர் கடைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்.

போன வருடம் எங்கள் கிராம சேவகர், சின்னப் பெண், வாக்காளர் பெயர் பதியும் படிவத்தோடு வந்து, "வீட்டில எத்தனை பேர் அக்கா?" என்று கேட்டது. என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது: "மூணு பேர். அண்ணன் வேலைக்குப் போயிருக்கார்." பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவன் வேலைக்குத்தானே போயிருந்தான். நடுவில் ஒரு கடல் கிடந்தது, அவ்வளவுதான்.

மரியதாஸ் அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "றோலர்காரன்ர ஊரில இருந்துகொண்டு சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறான். இங்க அவனுக்கு ஒரு வோட்டு. எங்கட மண்ணெண்ணெய் விலையை அவனும் சேந்தோ முடிவு பண்ணுறது? கடலுக்குப் போறவன் நான். காயிறவன் நான்."

அவர் சொன்னதில் பிழை இருந்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். எனக்கு வாய் இல்லாமலில்லை. பிழை இல்லை என்பதுதான் வலித்தது. சேவியர் என்னைப் பார்த்த பார்வையிலும் அதுதான் இருந்தது. அவருக்கும் அன்றுதான் விஷயம் தெரியும்.

நிசார் நானா மட்டும் போகும்போது வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "தங்கச்சி, எங்களை இங்க இருந்து துரத்தினாப்பிறகு நாங்கள் புத்தளத்தில இருவது வருசம் இருந்தனாங்கள். ஆள் அங்க, பேர் இங்க. அங்க இருந்துகொண்டே மன்னாருக்குத்தான் வோட்டுப் போட்டம். அங்கத்தை ஆக்களும் ஏசினவை, இங்கத்தை ஆக்களும் ஏசினவை. பேரை வெட்ட விட்டா பிறகு சேக்கிறது பெரும்பாடு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நாங்கள் திரும்பி வந்தனாங்கள்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அண்ணனுக்கு வீடியோ கோல் எடுத்தேன். சுவரோரம் கட்டிய சாரத்தின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். பின்னால் பாதி வரைந்த சின்னம். அங்கேயும் தேர்தல் வரப்போகிறதாம். அட்டையைக் காட்டினேன். தேநீரைக் கீழே வைத்துவிட்டான்.

"முழுப் பேரும் போட்டிருக்கா?"

"முழுசா. வஸ்தியான் சூசைதாசன்."

"அகதின்னு எங்கயாவது இருக்கா, பாரு."

"இல்லண்ணா."

திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். பிறகு, "போட்டோ எடுத்து அனுப்பு. முன்னாலயும் பின்னாலயும்" என்றான். எப்போது வருவாய் என்று கேட்டேன். சின்னவள் காலேஜ் முடிக்கட்டும் என்றான். பெரியவள் முடிக்கட்டும் என்று முன்பு சொன்னவனும் அவன்தான். அவனைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், இந்தக் கரையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவன் பெயர் அகதி என்ற சொல் இல்லாமல் எழுதியிருப்பது உலகத்தில் இரண்டே தாளில். ஒன்று பிறப்புச் சான்றிதழ், மற்றது இந்த அட்டை. நான் சொன்ன ஒரு பொய்யில் என் அண்ணன் ஒரு நாட்டின் ஆளாக இருந்தான். அந்தப் பொய்யை எப்படித் திருத்துவது?

திருத்தும் வழி வீட்டுக்கே வந்தது. விஷயம் எட்டியதும் அந்தக் கிராம சேவகர் பெண் புதுப் படிவத்தோடு வந்தது. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், மனம் ஆறியிருக்கும். "அக்கா, போன முறை நீங்கள் சொன்னதை நான் எழுதினனான். இந்த முறை நீங்களே எழுதுங்கோ. உண்மையா இருக்கிற ஆக்களை மட்டும் போடுங்கோ. தேர்தல் முடிஞ்ச கையோட வந்து வாங்குறன்" என்று கதிரையில்கூட உட்காராமல் போய்விட்டது. படிவத்தை மடித்து அலுமாரியில் வைத்தேன்.

வாக்குப்பதிவு அன்று பள்ளிக்கூடத்தில் வரிசை. மரியதாஸ் அண்ணை எனக்குப் பின்னால் நின்றார். கரைச் சண்டைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. வரிசையிலும் நண்டு விலையும் வலை வரியும்தான் மெல்லிய குரலில் ஓடிக்கொண்டிருந்தன. நான் யோசித்து ஒரு முடிவோடுதான் வந்திருந்தேன்: மானியம் வலைக்குத்தான் தர வேண்டும். யாரும் திரும்பக் கேட்கவில்லை.

உள்ளே மேசையில் உத்தியோகத்தர் என் அடையாள அட்டையைப் பார்த்து இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசித்தார். அந்த மண்டபத்தில் என் பெயர் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. பிறகு ஸ்கேலை எடுத்துப் பட்டியலில் என் பெயர் மேல் வைத்தார். சிவப்புப் பேனா. குறுக்கே ஒரு கோடு.

"சார், வெட்டாதீங்க சார்! இங்கதான் இருக்கேன், வந்துட்டேன் சார்!"

என் குரல்தான். அத்தனை வருடமும் முகாமில் பேசிய குரல், அப்படியே வந்து விழுந்தது. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. மரியதாஸ் அண்ணைதான் அதிகம் சிரித்தார். இன்றுவரை கரையில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், அதன் பிறகு அவரும் என்னோடு பேசத் தொடங்கிவிட்டார். உத்தியோகத்தர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "அம்மா, பயப்படாதைங்கோ. வந்த ஆளின்ர பேரைத்தான் வெட்டுறது. வராத ஆளின்ர பேரை நாங்கள் தொடுறதில்லை" என்றார்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். சேவியர் முதலிலேயே வந்து போனதால் அவர் பெயரில் கோடு. அடுத்து என் பெயரில் ஈரம் காயாத கோடு. அதற்குக் கீழே வஸ்தியான் சூசைதாசன். கோடில்லை. அச்சடித்தபடியே சுத்தமாக இருந்தது.

வெளியே வந்து மை வைத்த சுண்டுவிரலைப் படம் எடுத்து அனுப்பினேன். அங்கே ஆட்காட்டி விரலில் வைப்பார்கள், அதனால் அண்ணன், "ஏன் சின்ன விரல்ல?" என்று கேட்டான். பிறகு அவனே அழைத்தான்.

"என் பேரையும் பாத்தியா?"

"பாத்தன்."

"வெட்டலையே?"

"இல்லண்ணா. அப்படியே இருக்கு."

"அப்ப சரி" என்றான். குரலில் அத்தனை நிம்மதி. பெயின்ட் காய்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

இன்று காலை கிராம சேவகர் பெண் படலையில் நின்று சைக்கிள் மணி அடித்தது. படிவத்தை எடுத்து மேசையில் விரித்தேன். முதல் வரியில் சேவியர் பெயரை எழுதினேன். இரண்டாவதில் என் பெயரை எழுதினேன். மூன்றாவது வரியின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, "ஒரு நிமிசம் தங்கச்சி, ஆள் வெளியில போயிருக்கு" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டேன். மூன்றாவது வரியை வெறுமையாக விட்டுப் படிவத்தை மடித்துக் கொடுத்தேன். அலுமாரியில் அவனுடைய அட்டை இருக்கிறது. அவன் கேட்கும்போதெல்லாம் முன்னாலும் பின்னாலும் படம் எடுத்து அனுப்புகிறேன்.