ஒரே கராஜில் இரண்டு ரேஸ் கார்

பழைய ரேஸ் காருக்கு இஞ்சின் வேலை செய்கிறவன், இஞ்சினைவிடச் சொந்தக்காரரின் முகத்தைத்தான் கூடப் பார்க்க வேண்டியிருக்கும். கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சாய்ந்தமருதில் உள்ள என் கராஜுக்குக் கல்முனைக்குடி றவூப் ஹாஜியாரும் பாலமுனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நிசாமும் வருவார்கள். இருவரிடமும் ஒரே மாதிரியான, கூரையில்லாத பழைய இங்கிலாந்துக் கார். சாமான் உடைந்தால் வேறு கிடைக்காது. இருவருக்கும் மலைநாட்டில் வளைந்தேறும் பாதையில் நடக்கும் மலையேற்றக் கார் ரேஸில் ஓட வேண்டும். இருவருக்கும் என்னில் நம்பிக்கையும் இல்லை.

நகப்பூச்சு

ஹாஜியாரின் காரில் இரட்டைக் காபரேட்டர். கழற்றக் கொடுத்தால் நான் ஒறிஜினலை எடுத்துவிட்டுப் போலியை மாட்டிவிடுவேன் என்று அவருக்குப் பயம். பொஞ்சாதியின் நகப்பூச்சைக் கொண்டுவந்து, எனக்குத் தெரியாமல் இரண்டின் அடியிலும் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறார். நான் வழமைபோல பெயின்ட் கரைக்கும் தின்னரில் ஊறப்போட்டுக் கழுவினேன். பொட்டும் போய்விட்டது.

பின்னேரம் வந்தவர் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "என்ட சாமான் எங்க?" என்றார். பொட்டு வைத்த கதையை அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. காபரேட்டரில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் காட்டினேன். போனில் இருந்த பழைய படத்தோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"நம்பர் சரிதான் தம்பி. அதை நீயே அடிச்சிருக்கவும் ஏலுமே?"

ஹெட் சீவின அளவு

இஞ்சினுக்குள் அழுத்தத்தை, அதாவது கம்பிரஷனைக் கூட்ட, அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் அடிப்பக்கத்தை மெல்லிசாகச் சீவுவோம். கூடச் சீவினால் வேகம் வரும், இஞ்சினின் ஆயுள் குறையும். நிசாமின் ஹெட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவர் பால் சேர்க்காத பிளேன்டீயை எனக்கு நீட்டியபடி பக்கத்தில் குந்தினார். எங்கள் ஊரில் அண்ணனைக் 'காக்கா' என்போம்.

"காக்கா, ஹாஜியாருக்கு எவ்வளவு சீவினீங்க?"

"உங்கட அளவை அவருக்குச் சொல்லல்ல. அவர்ர அளவை உங்களுக்கும் சொல்லமாட்டன்."

எனக்கு நீட்டிய கிளாஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"சொல்லாட்டி, அவருக்குத்தான் கூடச் சீவியிரிக்கீங்க எண்டு அர்த்தம்."

ரேஸ் நாள்

காலையில் ஒத்திகை ஓட்டம். ஹாஜியாரின் இஞ்சினுக்கு அடியில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பெயாரிங் போய்விட்டது. வளைவில் இஞ்சின் இறுகினால் கீழே பள்ளம்தான். கார் திரும்பி வந்து நின்றதும் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன். "இறங்குங்க ஹாஜியார், இண்டைக்கு ஓடாதீங்க."

"நிசாம் உன்ன வளைச்சிட்டானா?"

காருக்கு அடியில் படுத்து, கொதிக்கக் கொதிக்க ஒயிலைத் தட்டில் இறக்கினேன். ஒயிலுக்குள் தேய்ந்த பெயாரிங்கின் உலோகத் தூள் மினுங்கியது. ஹாஜியார் அதைத் தொட்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. காரை ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கினார். நானும் கைகொடுத்தேன்.

இனி நிசாமுக்குப் பாதை திறந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவரும் காரை லொறியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். "உங்கட கார் நல்லாத்தானே இரிக்கி?" என்று கேட்டேன்.

"அவருக்குக் குறை சொன்னீங்க, எனக்கு ஒரு குறையும் சொல்லல்லியே காக்கா. அங்கதான் எனக்குச் சந்தேகம்."

இருவரும் இன்றைக்கும் என் கராஜை விட்டுப் போகவில்லை. புது ஆளிடம் போனால் எதையெதைச் சந்தேகப்படுவது என்றே தெரியாதாம்.