மூச்சக்கா கட்டிய கம்ப்யூட்டர்

“மூச்ச இழுங்க. பிடிங்க. அப்படியே அசையாம இருங்க” என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சொல்லும்போது மூச்சக்காவும் தன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். “ம், விடலாம்” என்றதும் நோயாளியின் மூச்சும் அவர் மூச்சும் சேர்ந்தே வெளியே வரும். ஒரு நாளைக்கு அறுபது மார்பு, எழுபது மார்பு என்று இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே அறையில் இதே கதைதான். நீங்கள் எதற்கு மூச்சைப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டால், “நான் பிடிச்சாத்தான் அவங்களுக்கு எவ்வளவு நேரம் கஷ்டம்னு எனக்குத் தெரியும்” என்பார். மூச்சக்கா என்று ஆஸ்பத்திரியில் யார் முதலில் பேர் வைத்தார்களோ தெரியாது. பெரிய டாக்டரே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

வயது ஐம்பத்திரண்டு. கதிர் படாமல் காக்கும் ஈய அங்கியைச் சுமந்து சுமந்து இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கைப்பையில் எப்போதும் ஒரு டார்ச் உண்டு. எதையும் முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டார். செருப்பு, குடை, இஸ்திரிப் பெட்டி எல்லாம் அவர் மூக்குக்குத் தப்பாது. தெருவில் யாராவது நடந்து போனால், “அந்த மனுஷனுக்கு வலது முட்டி போச்சு, இன்னும் அவருக்கே தெரியாது” என்று கூட வருபவரிடம் சொல்வார். சொல்லிவிட்டு, தெரியாத மனிதரை நிறுத்திச் சொல்லலாமா கூடாதா என்று தெருமுனை வரை யோசித்துக்கொண்டே போவார்.

இப்படிப்பட்ட பெண்மணி சனிக்கிழமை மாலை நான்கு மணி ஆனால் ஓநாய் வேட்டைக்குப் போய்விடுவார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் போனார். நான்கு வருடமாக, ஒரு சனிக்கிழமை தவறாமல். ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸின் பின்னறையில், காதில் ஹெட்போன், வாயருகே மைக். கம்ப்யூட்டர் திரையில் ஒரு தீவு. அங்கே மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், வீட்டைத் தின்ன வரும் ஓநாய்களை வில்லால் அடிக்கலாம். பக்கத்து வீடு மகளுடையது. மகள் வேறு தேசத்தில் இருக்கிறாள்.

தாய்க்கும் மகளுக்கும் அந்தத் தீவை விட்டால் பேச வேறு இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் போன் செய்தாள். மூச்சக்கா “சரி” என்றார். அன்றோடு போனில் இருந்த பேச்சு செத்துப்போனது. “சாப்பிட்டியா?” “ஆச்சு. நீ?” “ஆச்சு.” அப்புறம் இருவரில் ஒருவருக்கு சிக்னல் சரியில்லாமல் போய்விடும். ஆறு மாதம் கழித்து, ஒரு வார்த்தைகூட எழுதாமல் அந்த விளையாட்டுக்கு ஓர் அழைப்பை மட்டும் அனுப்பிவைத்தாள் மகள். கல்லூரிக் காலத்தில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆடிய விளையாட்டு. மூச்சக்கா உள்ளே போனார். போய் மூன்றாவது வாரம், வில்லை இழுத்துக் குறி பார்த்துக்கொண்டே, “இடது பக்கம் ஒண்ணு வருது பாரு. ஆமா, உன் வீட்டுக்காரருக்கு ஜுரம்னியே, விட்டுச்சா?” என்று கேட்டார். மருமகனைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான். மகள் வில்லை இழுக்க மறந்துபோனாள். அதற்குள் ஓநாய் அவள் காலைக் கடித்துவிட்டது.

இந்த வருடம் அந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் அதைப் புதுப்பித்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே தெரிந்ததாம், இலை இலையாகவே ஆடியதாம். மூச்சக்காவின் ஒன்பது வயதுக் கம்ப்யூட்டரோ இது தன்னால் முடியாது என்று திரையைக் கறுப்பாக்கிக் கையை விரித்துவிட்டது. தீவில் ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்காரர் வராத வீட்டில் நாளுக்கு ஒரு பலகை கழன்று விழும். முப்பது நாள் வராவிட்டால் மனை காலி. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

“நான் ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமாம்மா?” என்று மகள் போனில் கேட்டாள்.

“வேண்டாம். உன் காசுல வந்தா அது உன் கம்ப்யூட்டர். நான் வந்து விருந்தாளி மாதிரி உட்கார்ந்து விளையாடணும். நானே ஒண்ணு கட்டிக்கிறேன்.”

“உன் இஷ்டம்” என்றாள் மகள். “ஆச்சு” என்று சொல்கிற அந்தப் பழைய குரலில் சொன்னாள்.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. ஒரு மாதச் சம்பளம், அதற்கு மேல் சல்லிக்காசு கிடையாது என்பது தீர்மானம். பழைய எக்ஸ்ரே உறைகளின் முதுகில் பட்டியல் போட்டார். பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறு, மறு கையில் போன், வீடியோவில் யாரோ ஒரு பையன் மூச்சு விடாமல் கம்ப்யூட்டர் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். பாதி புரியாது. புரியாததை உறையில் எழுதிக்கொண்டு, ஸ்கேன் மெஷின் பழுது பார்க்க வருகிற என்ஜினியரை வழிமறித்துக் கேட்பார். அவர் பத்து நாளாக எக்ஸ்ரே அறைப் பக்கமே வராமல் சுற்றுவழியில் போனார் என்று கேள்வி.

கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் இருந்தால்தான் அழகு என்றார் கடைக்காரர். “நான் என்ன டான்ஸா ஆடப் போறேன்? தகரமே போதும்” என்று அதில் மிச்சம் பிடித்தார். திரையும் கீபோர்டும் பழையதே. ஆனால் மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளைக்கு மட்டும் நல்லதாக, விலை கூடியதாக எடுத்தார். கரண்டு ஏறி இறங்கி எக்ஸ்ரே மெஷின் ஒரு வாரம் படுத்துக்கிடந்ததைப் பார்த்தவர் அல்லவா. “இதயத்துல போய்ச் சிக்கனம் பார்ப்பாங்களா?” என்று கடைக்காரரையே திருப்பிக் கேட்டார்.

மிச்சம் இருந்தது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டில் படத்தை ஓட்டுவதே அதுதான். புதிது வாங்கினால் பாதிச் சம்பளம் அதற்கே போய்விடும். ஆஸ்பத்திரிக்கு எதிரே பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் புதிய கார்டு போட்டுக்கொண்டு பழையதை விற்கப் பார்ப்பதாகத் தகவல் வந்தது. மூச்சக்கா போய் விசாரணையை ஆரம்பித்தார். எப்போது வாங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும், சூடாகுமா, சத்தம் வருமா, எப்போதாவது கீழே விழுந்திருக்கிறதா? டார்ச் அடித்து விசிறி இடுக்கெல்லாம் பார்த்தார். முகர்ந்தார்.

“அக்கா, கிட்னியா வாங்குறீங்க?” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“கிட்னி ரெண்டு இருக்கும் தம்பி. இது ஒண்ணுதானே.”

அவர் தன் மெஷினில் கார்டைப் போட்டு ஓட்டியும் காட்டினார். பேரம் படிந்தது.

கடைசிச் சாமான் கைக்கு வந்தபோது இருபத்தேழாம் நாள். மூச்சக்காவின் முறை எப்போதும் ஒன்றுதான். எதையும் பிரிக்கும் முன் படம் எடுத்துவிடுவார். பழைய கம்ப்யூட்டரின் முதுகைப் போனில் படம் எடுத்து, எந்த வயர் எந்தத் துளையில் என்று உறையில் வரைந்து, அம்புக்குறி போட்டுவைத்தார். பிறகு கூடத்தில் வெள்ளைத்துணி விரித்து எல்லாவற்றையும் பரப்பினார். அவர் கணவருக்குப் பேக்கரியில் விடிகாலை வேலை. பகல் தூக்கம் கலைந்து எழுந்து வந்தவர், “ஒரு மாசச் சம்பளத்த அக்குவேறா ஆணிவேறா பிரிச்சுத் தரையில போட்டிருக்கியே” என்றார். “மிதிக்காம போங்க” என்று பதில் வந்தது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

மூன்று மணி நேரத்தில் பெட்டி எழுந்து நின்றது. ஒரு திருகுகூட மிச்சமில்லை. படத்தில் இருந்தபடியே வயர்களைச் சொருகினார். பொத்தானை அழுத்தினார். திரை பளிச்சென்று வந்தது. கணவர் கை தட்டினார். விளையாட்டைத் திறந்தார். தீவின் கதவு வரை போனது. “உங்கள் கம்ப்யூட்டருக்குப் போதிய திறன் இல்லை” என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி மூடிக்கொண்டது. பதினோரு தடவை.

பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கார்டின் விசிறி மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு ரத்தம் கொதித்தது.

மறுநாள் காலை ஸ்டுடியோவில் போட்டோவுக்கு நாலு பேர் காத்திருந்தார்கள். மூச்சக்கா வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார். “ஓட்டிக் காட்டினது ஒண்ணு, கையில குடுத்தது ஒண்ணு. உள்ள ஒண்ணுமே இல்ல, விசிறி மட்டும் சுத்துது. நல்ல மனுஷன்னு நம்பினேன். திருட்டு வேலை பண்ணிட்டீங்களே.”

ஸ்டுடியோக்காரர் முகம் சுண்டிப்போனது. அவர் சத்தம் போடவில்லை. “அக்கா, பெட்டியோட கொண்டு வாங்க. என் கார்டுல கோளாறுன்னா காசு திரும்பத் தர்றேன்” என்றார்.

அடுத்த நாள் சனிக்கிழமை, இருபத்தொன்பதாம் நாள். அரைநாள் டியூட்டி முடிந்ததும் வார்டில் சொல்லி ஒரு சக்கர நாற்காலி வாங்கினார். சக்கரம் கோணலாகி ஓரங்கட்டப்பட்ட நாற்காலி. அதில் கம்ப்யூட்டரை உட்காரவைத்து, பெல்ட்டைக் கட்டி, மேலே ஒரு துண்டைப் போர்த்தித் தள்ளிக்கொண்டு போனார். கேட்டில் காவலாளி, “யாருக்கா பேஷண்ட்?” என்று துண்டை எட்டிப் பார்த்தார். “வழிய விடுப்பா” என்றார் மூச்சக்கா. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. நான்கு வருடமாகக் கட்டிய வீடு இந்நேரம் வெறும் தூண்களாக நிற்கும். நாளைக்கு அதுவும் இருக்காது. அப்புறம் மகளும் அவரும் போனில் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டே கிழவிகளாகிவிட வேண்டியதுதான்.

ஸ்டுடியோக்காரர் பெட்டியை மேசைமேல் ஏற்றினார். தன் திரையின் வயரை எடுத்தார். பேசிக்கொண்டே, கை பழக்கத்தில், பெட்டியின் முதுகில் கீழே படுக்கைவாட்டில் இருந்த துளையில் சொருகினார். பொத்தானை அழுத்தி விளையாட்டைத் திறந்தார். தீவின் கதவு அகலத் திறந்து, உள்ளே வருகிறீர்களா என்று கேட்டது.

“ஓடுதே அக்கா.”

மூச்சக்காவின் பார்வை அந்த வயரிலேயே இருந்தது.

“வீட்டுல எதுல சொருகினீங்க?”

அவர் விரல் மேலே இருந்த துளையைக் காட்டியது. பழைய கம்ப்யூட்டரில் தனிக் கார்டு கிடையாது. திரைக்கு இருந்தது அந்த மேல் துளை ஒன்றுதான். ஒன்பது வருடமாக அங்கேதான் சொருகியிருந்தது, படத்திலும் அங்கேதான் இருந்தது, அம்புக்குறியும் அங்கேதான் போட்டிருந்தது. கார்டின் துளை கீழே தனியாக இருந்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை. திரைக்குப் போக வழியில்லாமல் அவ்வளவு நல்ல கார்டு சும்மா உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்திருக்கிறது.

“நானும் புதுசுல ரெண்டு நாள் அப்படித்தான் ஓட்டினேன்” என்றார் ஸ்டுடியோக்காரர். உண்மையோ, ஆறுதலுக்குச் சொன்னாரோ.

“நேத்து இங்க நாலு பேர் இருந்தாங்க” என்றார் மூச்சக்கா. “நாலு பேர் முன்னாடி சொன்னத நாலு பேர் முன்னாடிதான் திருப்பி எடுக்கணும்.”

“விடுங்கக்கா, நேரமாகுது உங்களுக்கு.”

அவர் விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஸ்டுடியோவுக்குக் கூட்டம் வராது. மூன்று மணிக்கு ஒரு தாயும் பிள்ளையும் வந்தார்கள். மூன்றரைக்கு ஒரு லாரி டிரைவர். மூன்று பேரையும் போகவிடாமல் உட்காரவைத்து, மூச்சக்கா நாலாவது ஆளுக்காகக் காத்திருந்தார். மூன்றே முக்காலுக்கு கண்ணாடி போட்ட ஒருவர் நுழைந்ததும் எழுந்து நின்று, “இவர் எனக்கு நல்ல சாமான் குடுத்தார். நான் வயர மாத்திச் சொருகிட்டு இவரத் திருடன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது” என்றார். அந்த நாலு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்கள். ஸ்டுடியோக்காரர் கேமராவைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

கோணல் சக்கரத்தோடு குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, வயரைக் கீழ்த்துளையில் சொருகி, ஹெட்போனை மாட்டியபோது நான்கு மணி இருபது நிமிடம். கதவு திறந்தது. ஆறு, நாணல், மகளின் கூரை எல்லாம் புதிய வெளிச்சத்தில் தெரிந்தன. தூண்களை மட்டும் எதிர்பார்த்துத் திரும்பினார்.

வீடு முழுசாக நின்றது. நாலு சுவரும், கூரையும், வேலியும். ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பலகைகள் மட்டும் வேறு நிறம். எண்ணத் தொடங்கி, பத்தில் நிறுத்திவிட்டார். மகளின் மனைக்குப் பின்னால் இருந்த காட்டில் ஒரு மரம்கூட மிச்சமில்லை, வெறும் அடிக்கட்டைகள்தான். விழ விழ, ஒவ்வொரு நாளும் வந்து ஒவ்வொன்றாக அடித்திருக்கிறாள். போனில் சாப்பிட்டேன் என்று சொன்னாளே தவிர, இதைச் சொல்லவே இல்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த மகளின் உருவம் எழுந்தது. “வந்துட்டியாம்மா? இன்னிக்கு வரலன்னா என்ன பண்றதுன்னே தெரியாம உட்கார்ந்திருந்தேன்” என்றாள்.

மூச்சக்கா மைக்கை அணைத்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நன்றாக அழுதார். கணவர் கூடத்திலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு ஓசைப்படாமல் கதவைச் சாத்தினார். முகத்தை அழுந்தத் துடைத்து, தொண்டையை ஒருமுறை செருமிப் பார்த்து, மூச்சக்கா மைக்கை மறுபடி திறந்தார்.

“பின்பக்கம் ரெண்டு பலகைய தலைகீழா வச்சிருக்கியே. வா, பிரிச்சு அடிப்போம்.”