முறை விட்டவன் கடைசி

நாமக்கல் லாரிக்காரர்கள் ஜீவானந்தத்தை முறைக்காரர் என்றுதான் சொல்வார்கள். புக்கிங் ஆபீசில் அவருக்கு அதுதான் வேலை. லோடு வந்ததும் வரிசையில் முதலில் நிற்கும் வண்டியைக் கூப்பிட வேண்டும். இந்த லோடு வேண்டாம், அடுத்ததைப் பார்க்கலாம் என்று சொல்கிற வண்டி வரிசையின் கடைசிக்குப் போய்விடும். முறை விட்டவன் கடைசி. இந்த ஒரு வழக்கத்தை விட்டுக்கொடுக்காமல்தான் அவர் அத்தனை பேரையும் சமாளித்து வந்தார்.

சமாளித்தாரே தவிர நல்ல பேர் வாங்கவில்லை. முன்னால் போனவன் லோடு சரியில்லை என்று திட்டினான். பின்னால் நின்றவன் ஆள் பார்த்துக் கூப்பிடுகிறார் என்று திட்டினான். சோற்றில் கை வைத்தால் போன் வரும். “ஏனுங்கண்ணா, டயர் மாத்தப் போனேனுங்க. அதுக்குள்ள என்னைத் தாண்டிட்டீங்களே, இது நாயமுங்களா?” கல்யாணப் பந்தியில் ஆட்கள் இடம் பிடிக்க முண்டுவதைப் பார்த்தால்கூட, எழுந்துபோய் வரிசைப்படுத்த வேண்டுமோ என்று அவருக்கு அலுப்பாக இருக்கும்.

அவரை ராசிபுரத்துக்குக் கூட்டிப் போனவள் கொழுந்தியாள் சௌந்தர்யா.

“ஞாயித்துக்கிழமை ஊட்டுல படுத்துக்கிட்டு போனையே பாக்கறதுக்கு எங்ககூட வாங்க மாமா. ஒரு வெளையாட்டு. ஓடற சோலியில்லை, உக்காந்த எடத்துலயே வெளையாடலாம்.”

சௌந்தர்யாவோடு கல்லூரியில் படித்த ரஞ்சனியின் வீட்டு மாடியில்தான் விளையாட்டு. பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள் அவள். அவளுடைய அப்பா பட்டுச்சேலைக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அறையில் நடுவே ஒரு மேசை. ரஞ்சனி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். சண்டை வந்தால் எல்லாரும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு தன் பாத்திரத்தின் வேகத்தைக் கூட்டி, அதிகம் வந்தவர் முதலில், குறைந்தவர் கடைசியில். அந்த வரிசையில் ஒவ்வொருவராக அடிக்கலாம், ஓடலாம், மருந்து கொடுக்கலாம். எல்லாரும் முடித்ததும் மறுபடி முதல் ஆள்.

ஜீவானந்தத்துக்கு அது பிடித்துப்போனது. வரிசையைப் பகடையே போட்டுவிடுகிறது. பகடைக்கு போன் போட்டு யாரும் திட்ட முடியாது. அவர் பாத்திரம் ஒரு கேடயக்காரன். கனம் அதிகம், வேகம் குறைவு. பெரும்பாலும் கடைசியில்தான் வருவான். “ஜீவாண்ணா, உங்க முறைங்க” என்று ரஞ்சனி சொல்லும் வரையில் சேலைக் கட்டில் சாய்ந்து சும்மா இருக்கலாம். அவரை ஒருவர் முறைக்குக் கூப்பிடுவது அந்த ஓர் இடத்தில்தான்.

சில மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ரஞ்சனி, “கதையும் சொல்லி வரிசையும் பாக்க எனக்கு முடியலீங்கண்ணா. வரிசையை நீங்க பாத்துக்கோங்க. உங்களுக்குப் பழகின வேலைதானுங்களே” என்றாள். துணி காயப்போடும் கிளிப்புகளில் பேரெழுதி அவர் கையில் கொடுத்தாள். அட்டைப் பெட்டியின் விளிம்பில் அவற்றை வரிசையாகக் குத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஆபீஸ் அலுப்பும் அவரோடு மாடிப்படி ஏறியது.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் கதை கணவாய்க்கு வந்து சேர்ந்தது. அங்கே ஒரு பூதம். பகடை உருட்டினார்கள். வெள்ளியங்கிரியின் வில்லாளி முதலில், அடுத்து சௌந்தர்யாவின் வைத்தியச்சி, பிறகு பூதம், கடைசியில் கேடயக்காரன். வெள்ளியங்கிரி மல்லசமுத்திரத்து முட்டை வியாபாரி, ஜீவானந்தத்தின் பள்ளித் தோழர்.

“நான் இப்ப அம்பு உடலை. பூதம் கையத் தூக்கட்டும், அப்பத்தான் அம்பு. அதுவரைக்கும் காத்திருக்கறேன்” என்றார் வெள்ளியங்கிரி.

ஜீவானந்தம் யோசிக்கவே இல்லை. வில்லாளியின் கிளிப்பைப் பிடுங்கிக் கடைசியில் குத்தினார். வைத்தியச்சி பூதத்தின் முன்னே போய் நின்றாள். பூதம் கையைத் தூக்கியது.

“அம்பு” என்றார் வெள்ளியங்கிரி.

“முறை விட்டவன் கடைசி. பூதம் அடிக்கட்டும்.”

ரஞ்சனி அவர் சொன்னதை நம்பிப் பகடையை உருட்டினாள். இருபது விழுந்தது. ஒரு வருஷமாக சௌந்தர்யா வளர்த்த வைத்தியச்சி செத்துப்போனாள்.

“ஏப்பா, இங்க என்ன கல்கத்தா லோடா ஏத்தறோம்?” வெள்ளியங்கிரி குரலை உயர்த்தவில்லை. “இது உன்ற ஆபீஸ் சட்டமாட்டம் இருக்குது. புத்தகத்துல அப்படியா போட்டிருக்குது?”

ரஞ்சனி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். “இல்லீங்கண்ணா. காத்திருக்கறவங்க எப்ப வேணும்னாலும் நடுவுல நுழைஞ்சுக்கலாமாம். கடைசிக்குப் போகத் தேவையில்லீங்க.”

ஜீவானந்தம் கிளிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி இங்கும் தன் பேச்சு எடுபடாது, இங்கும் முணுமுணுப்பார்கள், அடுத்த ஞாயிறு கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தார். கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ரஞ்சனி பக்கம் தள்ளினார்.

“எனக்கு இந்த வேலை வேண்டாஞ்சாமி. வாரம் பூரா நான்தான் கூப்பிடறேன். இங்கயாவது யாராவது என்னையக் கூப்பிடுங்க, அது போதும்.”

சௌந்தர்யா அவர் பக்கம் திரும்பினாள்.

“இதைய மொதல்லயே சொல்றதுக்கென்ன மாமா?” என்றாள் சௌந்தர்யா. “செரி, அந்த அடி செல்லாதுன்னு வெச்சுக்க ரஞ்சனி. என்ற வைத்தியச்சி இன்னும் சாகலை.”

ரஞ்சனி கிளிப்புகளைப் பழையபடி குத்தினாள். வில்லாளியின் அம்பு பூதத்தின் தோளில் பாய்ந்தது, அடி தவறியது. ஜீவானந்தம் போனைச் சேலைக் கட்டுக்கு அடியில் செருகிவிட்டுச் சாய்ந்துகொண்டார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பேச்சு தள்ளித் தள்ளிப் போயிற்று.

“ஜீவாண்ணா, உங்க முறைங்க.”

அவருக்குக் கேட்டது. கண்ணிமைதான் எழவில்லை.

“மாமா தூங்கிட்டாருடி. எழுப்பட்டுமா?”

“உடு, எழுப்பாதே” என்றார் வெள்ளியங்கிரி. “கேடயக்காரன் காத்திருக்கறான்னு போட்டுக்க. எந்திரிச்சா நடுவுல நுழைஞ்சுக்கட்டும்.”

ஒரு கிளிப்பைக் கழற்றித் தனியே மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. ரஞ்சனி அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.