வேலுத்தாய் குதிரை

எங்கள் மதினி வேலுத்தாய்க்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் எங்கள் ஊர் மடவார் வளாகத்தில் இன்றைக்கும் ‘வேலுத்தாய் குதிரை’ என்றுதான் சொல்கிறார்கள். எண்பத்தெட்டாம் வருஷத்துச் சித்திரைப் பந்தயத்தில் வந்த பெயர் அது.

குதிரை என் அண்ணன் தவசிமுத்துவுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் சவாரி வண்டி இழுக்கும் செவலை. ராஜபாளையம் போய்த் திரும்பும் வண்டிப் பந்தயத்தில், முந்தின வருஷம், பின்னங்கால்கள் விறைத்து நடுரோட்டில் நின்றுவிட்டது; மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. இன்னொரு தடவை நின்றால் விற்றுவிடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

மதினி கல்யாணத்துக்கு முன்னால் ஆலங்குளத்தில் சுண்ணாம்புக் கல் சுமந்தவர். வெயிலில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால், உப்புப் போட்ட நீராகாரம் குடித்துவிட்டு மறுபடி கூடையைத் தூக்கியவர். செவலையின் முதுகில் வெள்ளையாகக் காய்ந்திருந்த வேர்வையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“அம்புட்டும் உப்பு. போனதைத் திரும்பக் குடுக்க வேண்டாமா?”

“பந்தயத்தன்னைக்குத் தண்ணியே காட்டக் கூடாது, ஏட்டி. வயித்து வலி வந்துரும்” என்றார் அண்ணன்.

மதினி விடவில்லை. தினமும் சவாரி முடிந்து வந்ததும் முதலில் பச்சைத் தண்ணீர் வைப்பார். அதைக் குடித்த பிறகுதான் பச்சை நிற வாளியில் உப்பும் கருப்பட்டியும் கரைத்த தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட செவலை, போகப் போக அவருடைய பச்சை வாளியைக் கண்டாலே கனைத்தது.

பந்தயத்தன்று வாளிகளோடு ராஜபாளையம் திருப்பத்தில் போய் நின்றார். முதல் ஆளாக வந்த அண்ணனுக்கு நிறுத்தும் எண்ணமே இல்லை. பச்சை வாளியைப் பார்த்ததும் செவலை தானாக நின்றுவிட்டது. அண்ணன் கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். அது அசையவில்லை. நான்கு வண்டிகள் தாண்டிப் போயின.

“ஏலே தவசி, இலையும் போட்டு உக்காத்தி வையி” என்று ஒருவன் கத்திக்கொண்டே போனான்.

“செத்த நேரம் சும்மா இருங்க. குடிக்கட்டும்” என்றார் மதினி.

திரும்பும் வழியில் மற்றக் குதிரைகள் தளர்ந்தன. செவலையின் கால் மட்டும் தளரவில்லை. மூன்று வண்டிகளை முந்தியது.

“தவசிமுத்து குதிரை, ரெண்டாவது” என்று மைக்கில் சொன்னார்கள். அண்ணன் நேராக மேடைக்குப் போனார். “பேரை மாத்திச் சொல்லுங்க. வேலுத்தாய் குதிரை.”

அப்படியே சொன்னார்கள். மதினி அதைக் கேட்கவில்லை. வாளிகளோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். இறங்கியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“மூத்திரம் பேஞ்சுதா?”

“பேஞ்சுது. ரெண்டாவது வந்திருக்கோம்.”

“அது இருக்கட்டும். என்ன கலரு?”

“தெளிவாத்தான் இருந்துச்சு.”

அதன் பிறகுதான் மதினி சிரித்தார்.