இரண்டு பொட்டலங்களிலும் சிவப்பு

எங்கள் குடும்பத்தில் ஒரு சம்பந்தத்தை உறுதி செய்யும் முன் குலதெய்வத்திடம் பூ கேட்பார்கள். வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியே வாழையிலைத் துண்டில் பொதிந்து, எது எதுவென்று தெரியாதபடி நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். இரு வீட்டாரும் கசப்பில்லாமல் விலகிக்கொள்ளலாம். யாரும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை. படித்தவள் என்ற முறையில் இதை வெறும் மூடநம்பிக்கையாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன். காரணத்தை வெளியே சொல்ல முடியாதவர்களுக்கு இதைவிடக் கண்ணியமான வாசல் இங்கே வேறில்லை என்பது, என் தம்பிக்குப் பெண் பேசிய ஆண்டில்தான் புரிந்தது.

தம்பிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பொறியியல் முடித்துவிட்டு, நாமக்கல்லுக்கு அருகே எங்கள் கோழிப்பண்ணையை அப்பாவோடு சேர்ந்து கவனித்து வந்தான். பூ கேட்பதற்கு ஒரு வாரம் முன்பு, தீவன அறையில் மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். பெண்கள்மேல் அவனுக்கு ஒருநாளும் நாட்டம் வந்ததில்லை. கல்லூரிக் காலத்தில் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஓர் ஆணோடு அவனுக்கு உறவு இருந்தது. அந்த மனிதர் காத்துச் சலித்து, வேலையை மாற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டார்.

"அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றேன்.

"சொல்லேன். மொதல்ல கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாரு, பொறவு டாக்டருகிட்ட, பொறவு மறுக்காவும் பொண்ணு பாக்க. நோவு வந்த கோழிக்காச்சும் தனியா ஒரு கூண்டு குடுக்கறோம்க்கா நாம."

"அப்ப என்னதான் பண்ணோணுங்கறே?"

"பூவை நீதானே கட்டுவே? ரெண்டுலயும் சிவப்பையே வெச்சுக் கட்டிரு."

பூவைப் பொதிவது அந்த வீட்டில் பிறந்த பெண்ணின் உரிமை. அது என்னிடம்தான் இருந்தது.

நான் சமூகப்பணி படித்தவள். பெண்களுக்கான ஓர் ஆலோசனை மையத்தில் வேலை செய்கிறேன். என் மேசைக்கு எதிரே வந்து உட்காரும் பெண்களில் சிலர், அவனைப் போன்றவர்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். "அவரு கெட்டவரு இல்லீங்க, ஒரு வார்த்தை அதட்டுனதில்லீங்க" என்றுதான் தொடங்குவார்கள். பிறகு கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவார்கள். பிள்ளை இல்லையென்று மாமியார் அவர்களை மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துப் போவார். எல்லாப் பரிசோதனையும் அவர்களுக்குத்தான். கணவனை ஒருமுறைகூட யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். தம்பிக்குப் பேசியிருந்த, மோகனூரில் கணக்கு ஆசிரியையாக இருந்த அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணை அந்த நாற்காலியில் வைத்துப் பார்த்தேன். அப்பாவிடம் சொன்னால் தம்பிக்கு என்ன நேரும் என்று தெரியாது. பெண் வீட்டாரிடம் சொல்ல, ரகசியம் என்னுடையதல்ல. அம்மனிடம் பொய் சொல்வதன் விளைவு என்னோடு போய்விடும் என்று கணித்தேன். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்து இறுக்கிக் கட்டினேன்.

கோயிலில் அப்பா, அம்மா, பெரியப்பா, தம்பி, நான் ஆகிய ஐவர்தான். பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை அப்பா உள்ளங்கையில் வைத்துப் பிரித்தார். பிரித்தவர் இலையை விரல்களால் மறைத்துக்கொண்டார்.

"என்றா, சொல்லு. வெயிலு ஏறுது" என்றார் பெரியப்பா.

அப்பா குனிந்து, அம்மன் காலடியில் மிஞ்சிய பொட்டலத்தையும் எடுத்தார். அதை எவரும் பிரிக்கும் வழக்கமில்லை. அவர் பிரித்தார். பார்த்தார். இரண்டையும் ஒரே கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

"வெள்ளைங்க" என்றார்.

"காட்டு, கண்ணுல ஒத்திக்கலாம்."

"ஊட்டுக்குப் போயி ஒத்திக்கலாங்கண்ணா" என்று வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். தம்பி தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏமாற்றப்பட்ட மனிதர் கோபப்படுவார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பார். அப்பா கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை என்பதும், அவர் வெகுநாளாகவே அறிந்திருந்தார் என்பதும், காரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முன்னே போன கரும்பு லாரியைத் தாண்டிய பிறகு, திரும்பாமலே பேசினார்.

"பூக் கட்டுனது நீதானே சாமி?"

"ஆமாங்கப்பா."

"நல்லா இறுக்கித்தான் கட்டியிருந்தே."

அவ்வளவுதான். அதன் பிறகு அவர் என்னிடம் முன்னைவிட அன்பாகவே இருந்தார். நான் போகும்போதெல்லாம் முட்டை அட்டையை அவரே கொண்டுவந்து வண்டியில் வைத்தார். அந்த அன்பு எனக்கு அச்சமாக இருந்தது.

நிச்சயம் முடிந்த மூன்றாவது வாரம் மணப்பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். நாத்தனாரை எங்கள் பக்கம் கூப்பிடும் முறைப்படி, "நங்கை" என்றாள்.

"ஏனுங்க நங்கை, ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்கல்ல?"

"கேளு சாமி."

"உங்க தம்பிக்கு என்னெப் புடிச்சிருக்குதுங்களா? எப்பக் கூப்புட்டாலும் தீவனம் வந்துருக்குது, முட்டை லாரி நிக்குதுன்னே வெச்சர்றாருங்க. எங்க டீச்சருங்க எல்லாம், 'முட்டைக்காரனைக் கட்டறே, அடைகாத்துட்டே உக்காந்திருப்பான் பாரு'ன்னு ஒரே கேலிங்க."

சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அடியில் இருந்த கேள்வி எனக்குக் கேட்டது. தம்பியைக் காட்டிக்கொடுக்காமல் அவளைக் காப்பாற்ற ஒரே ஒரு வழி இருந்தது.

"நான் சொல்றதைக் கேளு. இந்தக் கல்யாணம் வேண்டாம்னு உங்கூட்டுல சொல்லிரு. ஏன்னு எங்கிட்டக் கேக்காதே. உம்மேல ஒரு குறையுமில்ல."

 அவள் பதில் சொன்னபோது குரலில் கோபமில்லை. நோயாளியிடம் பேசுவது போன்ற ஒரு மரியாதை இருந்தது.

"மாமா சொன்னாருங்க."

"எந்த மாமா?"

"உங்கப்பாங்க. போன வாரம் எங்கூட்டுக்கு வந்திருந்தாரு. 'எம்மக மனசு கொஞ்சம் செரியில்ல, அந்த மையத்துல நாளெல்லாம் அழுகையவே கேட்டுக் கேட்டு, எந்தக் கல்யாணத்தப் பாத்தாலும் வேண்டாங்கறா. உங்களுக்கும் எதாச்சும் சொல்லுவா, மனசுல வெச்சுக்காதீங்க'ன்னாருங்க. பாவம், கண்ணுல தண்ணி வந்துருச்சு அவருக்கு." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க நங்கை."

இனி நான் எதைச் சொன்னாலும், முழு உண்மையையே சொன்னாலும், அது நோய்க்குறி. நான் படித்த படிப்பையும் செய்யும் வேலையையும் கொண்டே அப்பா என் வாயை அடைத்திருந்தார். இனித் தம்பி தானே வாய் திறந்தால் மட்டுமே அவள் பிழைப்பாள்.

அன்று மாலையே பண்ணைக்குப் போனேன். தம்பி தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "நாஞ் சொல்லி இனி ஆகாது. நீ சொல்லு. காரணம் வேண்டாம், புடிக்கலைன்னு மட்டும் சொல்லு, போதும். நான் கூட வாரேன்."

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அவ உன்னெ நம்பலையா?"

"இல்லை."

"கொஞ்சங்கூட?"

"இல்லைன்னு சொல்றேனே."

அவன் முகத்தில் நான் பார்த்தது திகில் அல்ல, வருத்தமும் அல்ல; நிம்மதி. இனிக் கேள்விகள் வராது, யாரும் துருவ மாட்டார்கள், மனைவி என்ற ஒரு பெயர் வாசலில் நின்று அவனைக் காக்கும் என்று அவன் கணித்துவிட்டான். தீவன அறையில் என்னிடம் மனம் திறந்தவன் இன்னும் அவனுக்குள் இருந்தான்தான். ஆனால் அவனுக்குப் புகலிடம் கிடைத்துவிட்டது. அது உயிருள்ள ஒரு பெண் என்பதை நான் நினைவூட்டியபோது, "ராணி மாதிரி வெச்சுக்குவேன்க்கா" என்றான்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பத்திரிகை வைக்க யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அப்பா வழக்கம்போல் பொதுவாகக் கேட்டார். அதுவரை அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடும் தம்பி, தானாகவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அருகில் உட்கார்ந்தான். மோகனூர்ப் பக்கத்து உறவுகளிலிருந்து எழுதத் தொடங்கினான்.