ரிட்சுகோ ஓட்டிப் பார்த்த குட்டிக் கார்

குவாபரா ரிட்சுகோவுக்கு மைலேஜ் என்றால் உயிர். நீகாத்தாவில் நாங்கள் நடத்திவந்த சின்னப் பத்திரிகைக்காகப் புதுக் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதுவது அவர் வேலை. படம் எடுப்பது என் வேலை. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடக் கிடைக்குமென்றால் ஜனவரியிலும் ஹீட்டரை அணைத்துவிடுவார். பக்கத்தில் நான் நடுங்கிக்கொண்டிருப்பேன்.

"என்ன இகாராஷி, குளுருதா? இன்னொரு ஸ்வெட்டர் மாட்டிக்கோ. பெட்ரோல எரிச்சு குளிர் காயுறவ நான் இல்ல."

அந்த ஜனவரியில் வந்தது ஒரு குட்டி ஹைப்ரிட். பேட்டரியில் ஓடும்போது சத்தமே வராது. தேவைப்பட்டால் எஞ்சின் தானாகக் கிளம்பும், தானாக அடங்கும்; அதுவும் காதில் விழாது. நாகாவோகாவிலிருந்து கடற்கரைப் பக்கம் போய்ப் பார்ப்பதாகத் திட்டம். மைலேஜ் எண் ஏற ஏற ரிட்சுகோ சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

மதியத்துக்கு மேல் பனி பிடித்துக்கொண்டது. மேட்டில் ஒரு லாரி வழுக்கிச் சாலையை அடைத்துவிட்டது. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் வண்டிகள். யாராலும் நகர முடியவில்லை.

பின்னால் நின்ற பழைய காரிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து எங்கள் கண்ணாடியைத் தட்டினார்.

"புது வண்டியாம்மா? ஓடுதா நிக்குதான்னே தெரியலையே! என்னுது எப்பவும் இருமிக்கிட்டே இருக்கும், என்னை மாதிரியே."

"எங்க போறீங்க ஐயா?"

"ஜொயெத்சுக்கு. பேத்தி பொறந்திருக்கா. இன்னும் பாக்கல."

அவர் திரும்பிப் போய் ஏறிக்கொண்டார். பனி விடவில்லை. டயரை மூடியது, கதவில் பாதி வரை ஏறியது. என் உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்து, முதல்முறையாக ரிட்சுகோவே ஹீட்டரைப் போட்டார்.

"எஞ்சின் ஓடல, பயப்படாதே. பேட்டரிதான்."

இதமாக இருந்தது. பேச்சு குறைந்தது. எனக்குத் தலை லேசாக வலித்தது, பசியாக இருக்கும் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

ரிட்சுகோ என் தோளைப் பிடித்து உலுக்கியது எங்கோ தூரத்தில் நடப்பது போலிருந்தது.

"எந்திரி! மைலேஜ் இறங்கியிருக்கு!"

"இறங்கினா இறங்கட்டுமே..."

"டேய், நாம நகரவே இல்ல! எஞ்சின் ஓடாம பெட்ரோல் எப்படிக் கொறையும்? சைலன்சர் பனிக்குள்ள இருக்கு. புகை நம்மகிட்டதான் வருது!"

வண்டியை அணைத்தார். கதவு அசையவில்லை. கண்ணாடியை இறக்கியதும் பனி மடியில் கொட்டியது. அவர் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தார். பிறகு ஜன்னல் வழியாக நெளிந்து இறங்கி, என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தப் பெரியவர்," என்றார்.

அவர் கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு. கையால் தோண்டினோம். பனிக்கடியில் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற வண்டிக்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்து கண்ணாடியை உடைத்தார். பெரியவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். புகையின் விஷம் ஏறிக் கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது. ரிட்சுகோ அவர் நெஞ்சை அமுக்கினார், ஊதினார், மறுபடி அமுக்கினார். மீட்புப் படை நடந்தே வந்து சேரும்வரை விடவில்லை. பெரியவர் கண் திறக்கவேயில்லை.

ரிட்சுகோ நடந்ததை அப்படியே எழுதினார். ஆசிரியர் ஹோன்மா தயங்கினார்.

"கார்ல குத்தம் இல்லையே, ரிட்சுகோ-சான். பனிதானே?"

"குத்தம்னு எங்க எழுதியிருக்கேன்? அது சத்தமில்லாம ஓடுது, எனக்கே தெரியல. அத வாங்கப்போறவங்களுக்குத் தெரிய வேணாமா? ஒரு வரி வெட்டினாலும் என் பேரை எடுத்துடுங்க."

முழுசாகத்தான் அச்சானது. படித்துவிட்டு ஒரே ஒருத்தர் தேடி வந்தார்: பெரியவரின் மகள், முதுகில் குழந்தையோடு.

"அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. தூக்கம் வர்ற மாதிரிதான் இருந்திருக்கும். எனக்கும் வந்துச்சு," என்றார் ரிட்சுகோ.

அந்தப் பெண் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனார். வாசலில் நின்ற ரிட்சுகோ என் பக்கம் திரும்பவில்லை.

"அவகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லல, இகாராஷி. அந்தத் தூக்கம் அவ்வளவு சுகமா இருந்துச்சு. மைலேஜ் எறங்கினதப் பாத்தப்புறமும், இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாமேன்னுதான் தோணுச்சு."